வலது கையால் கொடுத்தேன்

“வலி பத்துக்கு எத்தனைங்க?” என்று கம்பெனி காட்டச் சொன்ன டாக்டர் கேட்டார். இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பிரசவ வலியைப் பத்து என்று வைத்துக்கொள்வதா, அதைவிடப் பெரிதாக ஒன்று இருக்கும் என்று அந்த இடத்தைக் காலியாக விடுவதா? ஆறு என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்ததும் ஏழு என்றேன்.

“ஏலமுங்களா கேக்கறீங்க?” என்றார்.

சிங்காநல்லூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் துணி ரோல்களை இறக்கித் தரம் பார்ப்பது என் வேலை. அங்கே ரேக்கிலிருந்து ஒரு துணி ரோல் சரிந்து என் வலது தோளில் விழுந்தது. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, கனம் தூக்கவே கூடாது, ஓய்வு வேண்டும் என்று எனக்கு வைத்தியம் பார்க்கிறவர் எழுதிக் கொடுத்தார். கம்பெனியில் நம்பவில்லை. அவர்கள் சொல்லும் டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். என் வலி நிஜமா நடிப்பா என்று அவர் சொல்வாராம். நடிப்பு என்று சொல்லிவிட்டால் நான் மறுபடி ரோல் தூக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். தூக்கினால் கிழிசல் பெரிதாகும். அப்புறம் என் மகளைக்கூட இந்தக் கையால் தூக்க முடியாமல் போகலாம்.

அந்த அறைக்குள் போனதும் அவர் ஸ்கேன் படத்துக்காகக் கையை நீட்டினார். உறை என் இடது கையில் இருந்தது. யோசிக்கவே இல்லை. வலது கைக்கு மாற்றி, அகலமான அந்த மேசையின் மேலாக எட்டிக் கொடுத்தேன். தோளில் கத்தி இறங்கியது போல இருந்தது. பெரியவர்களுக்கு முன்னால் முகம் சுளிக்கக் கூடாது என்று பழகியதால் அதையும் விழுங்கிக்கொண்டேன்.

அவர் உறையைப் பிரிக்கவில்லை. “ஏனுங்க அம்மணி, இந்தக் கைதானுங்களே தூக்க முடியாத கை?”

“பீச்சாங்கையில குடுத்தா மரியாதை இல்லீங்க. அதானுங்க.”

“மரியாதைன்னா வலி போயிருதுங்களா? நல்ல மருந்தா இருக்குதே. இனி எல்லாருக்கும் அதையே எழுதறேனுங்க.”

பிறகு கையை மேலே தூக்கச் சொன்னார். மார்பு உயரத்துக்கு மேல் போகவில்லை. கண்ணில் நீர் வந்தது. கடைக்காரர் கள்ள நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைப் போல என் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’ சேர்த்தே என்னைப் பொய்க்காரி ஆக்கினார். நானும் எழுந்து வரும்போது “வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

வெளியே காத்திருந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். வண்டி வழியிலிருக்கும் குளத்தைத் தாண்டியது. அப்புறம் அவர் மெதுவாக, “நெசமாலுமே அத்தன வலிக்குதா கண்ணு?” என்றார். டாக்டரிடம்கூட எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

இப்போது, சந்தேகம் தீரவில்லை என்று அதே டாக்டர் வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அதுதான் கடைசியாம்.

நேற்று கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் உறையை நீட்டிப் பார்த்தேன். அசல் நடிப்பாகவே தெரிந்தது. பக்கத்தில் நின்ற மகளிடம், “இந்தா கண்ணு, வாங்கிக்கோ” என்றேன். அவள் வாங்கவில்லை.

“பீச்சாங்கைம்மா. தப்பு,” என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

வலது கையால் கொடுத்தால் வலியே இல்லை என்று எழுதுவார். இடது கையால் கொடுத்தால், போன தடவை மாட்டிக்கொண்டதால் இப்போது உஷாராகிவிட்டாள் என்று எழுதுவார். மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தால் திமிர் என்பார். இப்படிப்பட்ட சோதனைக்குப் போய் வந்தவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். அவர் கையை நீட்டும்போது நான் என்ன செய்யட்டும்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.