அறுபத்து நான்காம் பக்கம்

கல்லூரியின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே, மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு சின்னக் கடை. இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங் மெஷின், கூரை வரை காகிதக் கட்டு. மிச்சமிருக்கிற இடத்தில் இரண்டு பேர் நிற்கலாம். திரும்ப வேண்டுமென்றால் ஒருவர் வெளியே போக வேண்டும். கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மாணவர்களுக்கு அது ஸ்பைரல் அக்கா கடை, அவ்வளவுதான்.

எதிரே இருப்பது மேற்படிப்புக் கல்லூரி. வருகிறவர்களில் பாதிப்பேர் ஆராய்ச்சி மாணவர்கள். ஐந்து வருஷம் ஆற அமர ஆராய்ச்சி செய்வார்கள். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளில், கடைசி மணி நேரத்தில், தலைதெறிக்க ஓடி வருவார்கள். "அக்கா, அஞ்சு காப்பி. அரை மணி நேரத்துல வேணும்" என்பார்கள். அக்கா அசரமாட்டாள். கட்டை வாங்கி, விசிறி மாதிரி ஒரு தடவை விரித்துவிட்டு, மேஜையில் நாலு பக்கமும் தட்டி நேராக்கி, முதலில் பக்க எண்களைத்தான் பார்ப்பாள்.

"நூத்திப் பன்னெண்டு எங்க?"

வந்தவனுக்கு முகம் வெளுத்துவிடும். விடுதிக்கு ஓடுவான். இப்படி அக்கா காப்பாற்றிவிட்ட டாக்டர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அக்கா படித்தது பத்தாம் வகுப்பு.

கடையை ஆரம்பித்தவர் அவள் கணவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது மகளுக்கு வயது ஏழு. மெஷின்களை விற்றுவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். "மெஷினுக்கு ஆம்பளை, பொம்பளை தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா. அந்த வாரமே சின்ன மெஷினைக் கழற்றிப் போட்டாள். முழங்கை வரை கறுப்பு மை. திரும்ப மாட்டியபோது இரண்டு திருகாணி மிஞ்சியது. மெஷின் இன்றுவரை ஓடுகிறது. அந்தத் திருகாணிகள் எதற்கென்று அவளுக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது.

மகள் அந்த மேஜைக்கு அடியில்தான் வளர்ந்தாள். அவள் நோட்டுப் புத்தகம் என்று தனியாக எதுவும் வாங்கியது கிடையாது. மெஷின் சூடேறும்வரை விழுகிற பிரதிகள் மங்கலாக இருக்கும், கோணலாக இருக்கும், மை அப்பியிருக்கும். பின்பக்கம் மட்டும் சுத்த வெள்ளை. அந்த வெள்ளையில்தான் அவள் கணக்குப் போட்டாள், படம் வரைந்தாள். கணக்கு முடிந்ததும் தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் படித்தாள். இப்படியே பன்னிரண்டாம் வகுப்புக்குள் ஆயிரம் ஆய்வேடுகளில் ஏட்டுக்கொரு பக்கம் படித்துவிட்டாள். ஆரம்பமும் தெரியாது, முடிவும் தெரியாது. எறும்புப் புற்றுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று ஒரு பக்கம் சொல்ல ஆரம்பிக்கும், போகிற வழியிலேயே தாள் முடிந்துவிடும். ஆனாலும் அச்சில் வந்தது பொய்யாக இருக்கும் என்று தாய்க்கும் மகளுக்கும் தோன்றியதே இல்லை. வீட்டில் பல சட்டங்கள் அந்தக் கழிவுத் தாள்களிலிருந்து வந்தவைதான்.

இந்த மகளுக்குத்தான் இப்போது இடம் கிடைத்திருந்தது. தாவரவியல், மூன்று வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். ஒரு முழு நாள் ரயில் பயணம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சேருகிறேன் என்று செல்போனிலேயே உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். பெரிய மெஷினை விற்றால் செலவுக்குச் சரியாக வந்துவிடும் என்று அக்கா மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் மகள் முடியாது என்றாள்.

"இருக்கிற மெஷினை வித்துட்டு நான் போய்ச் செடி கொடி படிக்கணுமா? நல்லா இருக்கே கதை."

"மார்க்கு வாங்கினவ நீதானே? அதைச் சட்டம் போட்டு மாட்டறதா?"

"வாசல்ல பாரும்மா. அதோ வர்றாரு பாரு, பட்டம் ரெண்டு வாங்கினவரு."

வந்தவன் பயோடேட்டா தம்பி. மூன்று வருஷமாக மாதம் தவறாமல் வந்து தன் பயோடேட்டாவைப் பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போகிறவன். அதில் வருஷத்துக்கு வருஷம் மாறியது வயது மட்டும்தான். அக்கா சுற்றி வளைக்காமல் அவனிடமே கேட்டுவிட்டாள்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. படிச்சது பிரயோஜனமா?"

"காலங்காத்தால இப்படி வயித்துல அடிக்கிறீங்களே அக்கா!" என்று அவன் தலையைச் சொறிந்தான். பிறகு கொஞ்சம் யோசித்தான். "சம்பளத்தை வச்சுக் கேட்டா, இல்லை. ஆனா எங்க வீட்டுக்கு ஒரு கவர்மெண்டு கடிதாசி வந்தா, பயப்படாம பிரிக்கிறது நான் ஒருத்தன்தான். அதுக்குப் போய் இவ்வளவு செலவான்னு கேட்டா, எனக்குத் தெரியாதுக்கா. இன்னிக்குப் பதினஞ்சாப் போடுங்க."

"பாத்தியா?" என்றாள் மகள். "பாத்தியா?" என்றாள் அக்கா. இரண்டு பேரும் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த இரண்டு நாளும் கடைக்கு வந்த ஒருவரையும் அக்கா சும்மா விடவில்லை. மருந்துக்கடைக்காரர் மகனை எஞ்சினியர் ஆக்கி, அவன் அனுப்புகிற பணத்தில் மாடி கட்டியவர். "கண்ணை மூடிக்கிட்டுச் சேர்த்து விடுங்க" என்றார். சைக்கிள் கடைக்காரரும் மகனைப் படிக்க வைத்தவர்தான். அவன் வேலைக்குப் போன ஊரிலேயே தங்கிவிட்டான். போன் செய்து பல மாதம் ஆகிறது. அவர் பஞ்சரான ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடி, "யோசிச்சுச் செய்யம்மா" என்றார். அன்றைக்கு அக்கா வேறு யாரிடமும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர், கேள்வித்தாளைப் பிரதி எடுக்க வந்தாள். அவளும் ஒரு காலத்தில் கடைசி மணி நேரத்தில் ஓடி வந்த மாணவிதான். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு மரியாதையாக நடந்து வருகிறாள். கடை வாசலில் மூன்று தொட்டிகளில் செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. டீச்சர் பாவம் பார்த்து, தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடியின் தலையிலேயே ஊற்றப் போனாள்.

"ஐயோ, ஊத்தாதீங்க!" என்று தாயும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

டீச்சர் பயந்து போய் பாட்டிலை நிமிர்த்தினாள். "ஏன், என்ன ஆச்சு?"

"உச்சி வெயில்ல இலை மேல தண்ணி பட்டா, சொட்டு சொட்டா கண்ணாடி மாதிரி நின்னு வெயிலை இழுத்து இலையைக் கருக்கிடும் மேடம்" என்றாள் மகள். "நான் சின்ன வயசுல ஒரு தீசிஸ்ல படிச்சேன். அறுபத்து மூணாம் பக்கம்."

டீச்சர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அது நான் எழுதினது."

"நீங்களா?"

"அறுபத்து மூணுல, எல்லாரும் நம்புறதை எழுதினேன். அது தப்புன்னு அறுபத்து நாலுல எழுதியிருந்தேனே! அடுத்த பக்கத்தைப் படிக்கலையா நீ?"

"அடுத்த பக்கம் நல்லா விழுந்துடுச்சு மேடம்" என்றாள் மகள். "நல்லா விழுந்த பக்கம் எங்க கைக்கு வராது."

டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. காகிதப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா மட்டும் சிரிக்காமல் தொட்டிகளைப் பார்த்தாள். "மத்தியானம் தண்ணி ஊத்தாம விட்டு எத்தனை செடி வாடி வாடிச் செத்துப்போச்சு! தொட்டி ராசி இல்லைன்னு மூணு தடவை தொட்டியை மாத்தினேனே" என்று அங்கலாய்த்தாள்.

மகளும் சிரிக்கவில்லை. "தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"எப்படின்னா? மூணு கோடைகாலம் உச்சி வெயில்ல நின்னு இலை மேல தண்ணி ஊத்தினேன். கருகல. என் தோல்தான் கருகுச்சு. பாதி நாள், இதெல்லாம் ஒரு படிப்பான்னு எனக்கே அழுகை வந்திருக்கு."

"எந்த இலை?"

"வழவழன்னு இருக்கிற இலை. நாலு வகை."

"ரோமம் இருக்கிற இலையில தண்ணி ஒட்டாம மேலேயே உருண்டையா நிக்குமே. அப்பவும் கருகாதா?"

டீச்சரின் சிரிப்பு நின்றது. "தெரியல" என்றாள். "அதை நான் செஞ்சு பாக்கல. நேரம் பத்தல."

"வேற யாரும் பாக்கலையா?"

"யாராவது பாத்திருப்பாங்க. தேடணும்."

டீச்சர் கேள்வித்தாள்களை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் மூன்று தொட்டிகளிலும் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். அன்று முழுக்க மகளுக்கு வேலையில் புத்தி நிற்கவில்லை. ஒருவருடைய சான்றிதழைத் தலைகீழாக எடுத்தாள். இன்னொருவருக்கு ஐந்து கேட்டால் ஐம்பது எடுத்தாள். மற்ற நாளாக இருந்தால் அக்கா பிலுபிலுவென்று பிடித்திருப்பாள். அன்று கெட்டுப்போன தாள்களை எடுத்துத் தனியே அடுக்கினாள். 'தெரியல' என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு மகளின் முகம் அப்படி மலர்ந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதைப் பார்த்ததில் சந்தோஷமாகவும் இருந்தது, ஒரு முழு நாள் ரயில் தூரம் என்பதும் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. ஒரு மாணவன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். மகள் பஞ்சிங் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அம்மா, நான் போறேன்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரயோஜனமான்னு எனக்குத் தெரியாது. படிச்சு முடிச்சுட்டு நானும் மாசம் பத்து பயோடேட்டா எடுத்தாலும் எடுப்பேன். ஆனா நல்லா விழுந்த பக்கத்தையெல்லாம் ஒரு தடவையாவது படிச்சுப் பாக்கணும்மா."

ஐந்து நாளாக அக்கா சண்டை போட்டது இதற்காகத்தான். இதற்குச் சொல்ல வேண்டிய பதிலையும் தயாராக வைத்திருந்தாள். 'நல்ல பொண்ணு, அப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு' என்று ஆரம்பிக்கிற பதில். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"அப்ப எனக்கு யாருடி இருக்கா?"

சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. மெஷின் ஓடி முடித்து நின்றது.

"இதைத்தானேம்மா நான் திங்கட்கிழமையிலேருந்து சொல்றேன்" என்றாள் மகள். "மெஷின் போனா எனக்கென்ன? அந்த பயோடேட்டா அண்ணனுக்கு வேலை கிடைச்சா எனக்கென்ன, கிடைக்கலைன்னா எனக்கென்ன?"

அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. படிப்பால் லாபமா நஷ்டமா என்று ஊரையெல்லாம் கூட்டிப் பஞ்சாயத்து வைத்தாள். மகள் மட்டும் ஆரம்பத்திலிருந்தே வேறு ஒரு செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அக்கா அழுதாள். கடையில், வாடிக்கையாளர் முன்னால் அழுதாள். கணவர் இறந்த மாதம்கூட அவள் கடையில் அழுததில்லை.

"அக்கா, நான் வேணா அப்புறமா வரட்டுமா?" என்றான் மாணவன்.

"சும்மா நில்லு. பக்கம் எழுபத்தொண்ணு ரெண்டு தடவை இருக்கு, அதைச் சரி பண்ணு முதல்ல" என்றாள் அக்கா, அழுதுகொண்டே. பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு யாரும் இல்லதான். இருக்காங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். கஷ்டமாத்தான் இருக்கும். போன் பண்ணலைன்னா ரயிலேறி வந்து உதைப்பேன். ஆனா எனக்காக நீ இங்கேயே நின்னுட்டேன்னு வையி, தினம் உன் மூஞ்சியை நான் எப்படிடி பாக்கறது?"

மகள் செல்போனை எடுத்தாள். பெயர், பிறந்த தேதி, பாடம் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் 'உறுதி செய்க' என்று ஒரு பொத்தான். மணி நாலு ஐம்பது ஆகியும் அவளுக்கு அதை அழுத்தக் கை வரவில்லை.

அக்கா கையை நீட்டி, தானே அழுத்தினாள்.