டைரியில் ஒரு டிக்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய பள்ளி டைரியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசினாளா என்பது கேள்வி. ஆம் என்றால் நான் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு அவளுக்கு ஸ்டார் இல்லை. மற்ற அம்மாக்கள் வாரம் முழுக்கச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. நான் உண்மையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை தமிழில் வந்தாலும் டிக் கிடையாது.

அந்த வாரம் 'கெட்' என்ற சொல்லை வைத்து இருபது வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருப்பது கர்நாடகத்தில்; நான் கொள்ளேகாலில் பி.காம். படித்தவள். இது ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். வாங்கினாலும் கெட், கிடைத்தாலும் கெட், புரிந்தாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட். எழுந்திருப்பது ஒரு கெட், ஒருவரோடு ஒத்துப்போவது இன்னொரு கெட், தப்புச் செய்துவிட்டு மாட்டாமல் நழுவுவதுகூட ஒரு கெட். நாற்பது வருஷமாக இந்த ஊர் பஸ்ஸில் எல்லோரும் 'கெட் டவுன்' ஆகிறோம். அது தப்பாம், 'கெட் ஆஃப்' தான் சரியாம். மிஸ் சிவப்பில் சுழித்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து நான் இருபதையும் வேறு தாளில் திருத்தி எழுதினேன்.

"ஸ்டார் வாங்கி என்ன கலெக்டராகப் போறாளா? வுடு புள்ள, அவளே கத்துக்குவா," என்றார் என் கணவர், போனிலிருந்து தலை தூக்காமல்.

"ஏனுங்க, மீட்டிங்குக்குப் போறது நான். பேச்சு வாங்கறதும் நான்," என்றேன்.

அந்த 'கெட்' வாக்கியப் பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவள் தமிழில் ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் பட்டியலைக் காட்டினேன். இரண்டு நாள் அவள் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசவில்லை. 'எஸ்', 'நோ', 'ஓகே' மட்டும்தான். நானும் நிம்மதியாக இரண்டு டிக் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் தலை பின்னும்போது இடது காதருகே என் கை பட்டது. அவள் துள்ளி விலகினாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் கொதித்தது. "வாட் ஹேப்பண்ட்?" என்றேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது, அப்போதும் ஆங்கிலத்தில்தான் கேட்டேன். அவள் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்கூட்டரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் குனிந்து, "எல்லி நோவு, புட்டி?" என்று, எங்கே வலி பாப்பா எனக் கன்னடத்தில் கேட்டதுதான் தாமதம், அவள் கொட்டித் தீர்த்தாள். காதைத் தொட்டு, இந்தக் கிவிதான் வலிக்குது, முந்தாநாள் ஸ்கூல்ல இருந்தே, ராத்திரி படுத்தா உள்ளே டொக்கு டொக்குங்குது, அந்தப் பக்கம் மெல்ல முடியல. பாதி கன்னடம், பாதி தமிழ். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நல்ல சீழ் பிடித்திருந்தது.

"எரடு தினா ஆய்த்தல்லா, ரெண்டு நாளா ஏன் அம்மாகிட்ட சொல்லல?" என்றார்.

"மனேலி... வீட்டுல தமிழ்ல சொன்னா டிக் போயிடும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொட்டு மருந்து விட்டேன். காதைச் சாய்த்து என் மடியில் படுத்துக்கொண்டு, பக்கத்து பெஞ்சுப் பையன் அழிரப்பரைக் கடித்துத் தின்ற கதையை ஆரம்பித்தாள். முடிவதாயில்லை. நான் டைரியை எடுத்து அன்றைய கட்டத்தில் பேனாவால் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன்.

அவள் கதையை நிறுத்தினாள். "அம்மா, நான் தமிழ்லதான பேசிட்டிருக்கேன்?"

"பேசு."

"மிஸ் கேட்டா?"

"அந்தப் பையன் ரப்பரை முழுங்கிட்டானா, துப்பிட்டானா? அதச் சொல்லு மொதல்ல," என்றேன்.