கொரிய நடிகைக்கு அருள்புரத்தில் ஓர் அஞ்சலி

எங்கள் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு டெய்லரின் அம்மா இறந்துபோனால் அவருக்கு அரை நாள் விடுப்பு உண்டு, அந்த அரை நாளுக்குச் சம்பளம் கிடையாது. மெஷின்கள் நிற்காது. துக்கத்துக்காக மெஷினை நிறுத்தினால் கப்பல் நமக்காகக் காத்திருக்குமா என்று முதலாளி கேட்பார். அப்படிப்பட்ட கம்பெனி ஒரு நாள் காலை எல்லா மெஷின்களையும் நிறுத்திவிட்டுக் கைகட்டி எழுந்து நின்றது. இறந்தவர் கொரியா நாட்டு நடிகை. அவர் இறக்கவில்லை என்பது மட்டும்தான் அந்த நிகழ்ச்சியில் இருந்த ஒரே குறை.

அப்போது எல்லோர் சட்டைப் பையிலும் செல்போன் வந்துவிட்டது, எல்லோர் மேஜைக்கும் இன்டர்நெட் வந்திருக்கவில்லை. நான் அருள்புரத்தில் அந்தக் கம்பெனியின் மெர்ச்சன்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் இங்கிலீஷில் திட்டினால் முதலாளிக்குத் தமிழில் மரியாதையாகச் சொல்வதும், முதலாளி தமிழில் திட்டினால் பையருக்கு இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்வதும் வேலை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சோமனூரில் அடுத்தவர் தறிக்குடோனில் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. "இந்தக் கொரியா ஆர்டர் நல்லபடியா போச்சுன்னா உன்னை பர்மனென்ட் பண்ணிருவேன் கண்ணு. போகலீன்னா சோமனூர் பஸ்ஸு ஓடிக்கிட்டுத்தான இருக்குது" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

ஆர்டர் இதுதான். அந்த நடிகை சினிமாவிலும் டிவியிலுமாக முப்பது வருஷத்துக்கு மேல் நடித்தவர். அதற்காக அவருடைய ரசிகர்கள் சேர்ந்து டி-சர்ட் போடுகிறார்கள். ஆர்ட்வொர்க் மெயிலில் வந்தது. இளம்பெண்ணாக அவர் நடித்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம், சுற்றிலும் இலையும் பூவுமாக ஒரு வளையம், கீழே ஒரு வருஷம், ஒரு கோடு, இன்னொரு வருஷம். அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் நன்றி என்று இங்கிலீஷில் இரண்டு வரி.

பிரின்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அடப்பாவமே. சின்ன வயசுலயே போய்ச் சேந்துருச்சே."

"இல்லீங்ணா. அது அவங்க நடிக்க ஆரம்பிச்ச வருஷமுங்க. அடுத்தது இந்த வருஷம்."

"அதான் கண்ணு நானுஞ் சொல்றேன், இந்த வருஷந்தான் போயிருக்குது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து நாற்சந்தி எதிலும் போய் நின்று பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம், பூ வளையம், இரண்டு வருஷம், நடுவில் கோடு. ஃபிளக்ஸில் இருக்கும் ஆளைப் பார்த்து யாரும் இவர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேட்பதில்லை.

ரசிகர்கள் சார்பில் ஆர்டர் கொடுத்த கொரியாக்காரர் அடுத்த வாரம் சாம்பிள் பார்க்க வருகிறார். அதுதான் முதலாளிக்குக் கவலையாகிவிட்டது. "எழவு விழுந்த ஊட்டுக்காரர் மொத மொத நம்ம வாசலுக்கு வர்றாரு. துக்கம் கேக்காம நேரா ரேட்டு பேசுனா நம்மளை மனுசன்னு நெனைப்பாராடா?"

"ஒரு மெயில் போட்டுக் கேட்டுரட்டுங்களாண்ணா?"

"என்னன்னு கேப்பே? உங்காளு செத்துட்டாங்களா இருக்காங்களான்னா? படிச்ச பையன் பேசற பேச்சா இது?"

அதற்கு மேல் மெயில் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஆக, உயிரோடு இருக்கும் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதை ஒரு வாரத்துக்குள், யாரிடமும் கேட்காமல், நானே நிரூபித்தாக வேண்டும். இல்லையென்றால் சோமனூர் பஸ். இதற்குத்தான் அப்பா தறிச் சத்தத்தில் காது மந்தமாகி என்னைப் படிக்கவைத்தார்.

பல்லடத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நடிகையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது, எல்லாம் கொரிய எழுத்தில். இருபது வயதுப் படமும் இருந்தது, ஐம்பது வயதுப் படமும் இருந்தது. சிரித்தார், அழுதார், குடை பிடித்தார். உயிரோடு இருப்பதாக ஒரு படத்திலும் எழுதியிருக்கவில்லை.

மிச்சம் இருந்தது டிவிடிக்கள். முகத்தின் சாயல் பிரின்டில் சரியாக வர வேண்டும் என்று ஆர்ட்வொர்க்குக்குப் பின்னாலேயே கூரியரில் மூன்று டிவிடி அனுப்பியிருந்தார்கள். பிளேயர் முதலாளி வீட்டில்தான் இருந்தது. கீழே ஓடிய இங்கிலீஷை நான் தமிழில் சொல்லச் சொல்ல, முதலாளியும் அவர் மனைவியும் பொரிகடலையோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

முதல் படத்தில் அவர் காதலி. ரத்தத்தில் ஏதோ நோய் வந்து, பனி கொட்டும்போது காதலன் மடியில் செத்தார். இரண்டாவதில் அம்மா. பிள்ளை பரீட்சையில் தேறிய செய்தியைக் கேட்டு ஓடிவரும்போது லாரி அடித்துச் செத்தார். மூன்றாவது ராஜா காலத்துக் கதை. மகாராணியாக வந்து, வெள்ளைப் புடவை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கிண்ணத்தில் கொடுத்த விஷத்தை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்துச் செத்தார். அவ்வளவு பெரிய நடிப்பு வாழ்க்கையில் மனுஷிக்கு வந்த வேலையெல்லாம் சாவதுதான் போலிருந்தது. நான் தேடிப் போனது உயிர் இருப்பதற்கான அத்தாட்சி. கையில் கிடைத்தது மூன்று பிணம்.

"இத்தனை வாட்டி செத்தவ நெசத்துக்குச் சாகாமயா இருப்பா?" என்றார் முதலாளியின் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆனாலும் நான் ஒன்றைப் பிடித்துவிட்டேன். காதலியாக வந்தபோது அழுவதற்கு முன்னால் உதட்டைக் கடித்தார். மகாராணியாக வந்தபோதும் அதே இடத்தில்தான் கடித்தார், ஆனால் கழுத்தில் சுருக்கம் விழுந்திருந்தது. ஒரே ஆள் நம் கண் முன்னாலேயே மூன்று படத்துக்குள் கிழவியாவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு வழக்கை நடத்தினேன்.

"பாருங்ணா, ராணிக்கு அம்பது வயசுக்கு மேல இருக்குது. ஆர்ட்வொர்க்ல போட்ட ரெண்டு வருசத்துல ஒண்ணுலருந்து ஒண்ணைக் கழிச்சா முப்பத்தஞ்சு கூட வரலீங்க. அப்புறம் அது எப்படிங்ணா பொறந்த வருசமா இருக்கும்?"

முதலாளி பொரியை மென்றபடி யோசித்தார். பிறகு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்.

"மேக்கப்பு."

கொரியாக்காரர் வந்த அன்று கேட்டில் ஆளுயர ஃபிளக்ஸ். எங்களுக்கு அனுப்பிய அதே ஆர்ட்வொர்க், மேலே 'கண்ணீர் அஞ்சலி', கீழே 'ஆழ்ந்த துயரத்துடன், நிர்வாகத்தினர் மற்றும் தொழிலாளர்கள்'. மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, ஊதுபத்தியும் வைத்தாயிற்று. ஷிப்ட் மொத்தமும் வெளியே நின்றது. செக்கிங் செக்ஷனில் இருந்த தென்காசிப் பக்கத்து அக்கா என் காதருகே, "யாரு தம்பி இந்தப் பிள்ள? மொதலாளிக்குச் சொந்தமா?" என்றார். நடிகை என்றேன். "எங்க ஐயா செத்ததுக்கு ஒரு நாள் லீவு கேட்டேன், கப்பல் போயிரும்னாக. இந்தப் பிள்ளைக்கு மட்டும் கப்பல் நிக்குதாக்கும்?"

கார் வந்தது. கொரியாக்காரர் சிரித்த முகத்தோடு இறங்கினார். முதலாளி எதிரே போய், அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். துக்கம் கேட்கும்போது பேசக் கூடாது.

கொரியாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். படம், மாலை, விளக்கு, புகை, கைகட்டி நிற்கும் கூட்டம். அவர் ஊரிலும் செத்தவர் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி வைப்பார்கள் என்பது அந்த நிமிஷம் வரை எங்களுக்குத் தெரியாது. சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. என்னைப் பார்த்து, எப்போது என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என்ன கண்ணு கேக்கறாரு?"

"எப்போன்னு கேக்கறாருங்ணா."

"அய்யோ, அவருக்கே தெரியாதா!" முதலாளியின் கண் கலங்கிவிட்டது. "பிளேன்ல வந்துட்டிருந்திருப்பாரு, பாவம். நீயே பதமாச் சொல்லு."

எத்தனையோ மெயிலை நான் பதமாக மாற்றி அனுப்பியிருக்கிறேன். இதை எப்படி மாற்றுவது? எங்களுக்குத் தெரியாது சார், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம் என்றேன்.

அவர் செல்போனை எடுத்தார். கொரிய மொழியில் யாரிடமோ இரண்டு வார்த்தை பேசினார், காத்திருந்தார். நூற்றுக்கணக்கான பேர் நிற்கும் இடத்தில் ஊதுபத்திச் சாம்பல் விழுவது கேட்கும் போலிருந்தது. அந்த அமைதியில் நான் சோமனூர் பஸ்ஸில் எந்தப் பக்கம் சீட் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அவர் போனைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். இன்னொரு முறையும் வணங்கினார். பிறகு கேட் ஓரமாக இறக்கிவைத்திருந்த துணி ரோல் மேல் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்றை வெகுநேரம் செய்தார். நடிகையே பேசியிருக்கிறார். டிவி சீரியல் ஒன்றுக்காக ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாராம். காட்சி? வேறென்ன, அங்கேயும் சாகத்தான் படுத்திருந்தார்.

நடிகை என்னவோ கேட்கிறார் என்று கொரியாக்காரர் போனைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாராம். ஷிப்ட் மொத்தமும் என்றேன். அதைக் கேட்டு அந்தப் பக்கம் பெரிதாகச் சிரித்தது எனக்கே கேட்டது. தன் சாவுக்கு எந்த டைரக்டரும் இவ்வளவு கூட்டம் போட்டதில்லையாம். கலையச் சொல்லிவிடாதே, முதலில் ஒரு போட்டோ எடு என்றாராம்.

எடுத்தார். முதலாளிக்கு விஷயத்தைச் சொல்வதற்குள் அவர் மறுபடி ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டார். போட்டோவில் அதுதான் விழுந்தது.

ஆர்டர் நின்றுவிடவில்லை. ஆர்ட்வொர்க்கில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டார்கள். பூ வளையத்தையும் எடுத்துவிட்டார்கள். நான் பர்மனென்ட் ஆனேன். அன்று மாலை முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இருந்தாலும் கண்ணு, நீ அன்னைக்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கோணும்."

அதோடு விடவில்லை. இனிமேல் மூஞ்சி போட்ட ஆர்ட்வொர்க் எது வந்தாலும், அந்த ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மெயில் போட்டுக் கேட்ட பிறகுதான் சாம்பிளுக்கே போக வேண்டும் என்று உத்தரவு. நிரந்தர வேலையில் நான் அனுப்பிய முதல் மெயில் ஒரு ஐரோப்பியப் பையருக்கு. குழந்தைகள் பனியனில் போட்ட கரடியைப் பற்றி, மிகுந்த மரியாதையோடு விசாரித்திருந்தேன். அது வெறும் ஓவியம், அப்படி ஒரு கரடியே கிடையாது என்று பதில் வந்தது.

அப்படியொரு கரடியே இல்லையாமுங்ணா என்று முதலாளியிடம் சொன்னேன். தலையைக் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"குட்டிங்க ஏதாச்சும் இருக்குதாமா?" என்றார்.