குறிச்சிக்கு இரண்டு பெயர்

எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் ஒரு விக்கி தொடங்கியிருக்கிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர் வாத்தியாரின் மனைவி. ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவரும் வாத்தியாரும் இருந்தார்கள். சனிக்கிழமை காலைகளில் நாங்கள் பெண்கள் இருவரும் ரயிலேறி நியூ லின்னுக்கு மீன் வாங்கப் போவோம். வாத்தியார் வேலையிலிருந்து இளைப்பாறியவர். ஊரின் தெரு, ஒழுங்கை, குளம், கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் வாசிக்கலாம். கணக்குத் திறந்தால் யாரும் திருத்தலாம்.

அவருக்குப் பெரிய தொல்லை பெயர்கள்தான். ஒரே குளத்துக்கு வடக்குப் பக்கத்தார் ஒரு பெயர் சொல்வார்கள், தெற்குப் பக்கத்தார் இன்னொன்று. கனடாவில் ஒருவர் ஒரு பெயரில் பக்கம் தொடங்க, லண்டனில் ஒருவர் அதே குளத்துக்கு மற்றப் பெயரில் தொடங்கியிருந்தார். ஒரு பெயரைத் தலைப்பாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்குத் திருப்பிவிட வேண்டும். அதை வழிமாற்று என்றார்கள். எந்தப் பெயரைத் தட்டினாலும் ஒரே பக்கம் திறக்கும்.

"அக்கா, உங்களுக்குத்தான் எல்லாப் பேரும் ஞாபகம் இருக்குது. சொல்லுங்கோ, இவர் எழுதட்டும்," என்பார் வாத்தியாரின் மனைவி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் வாய் திறக்க மாட்டேன். ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது வேறு. நான் சொன்ன பெயர்கள் அடுத்த வாரம் விக்கியில் வந்துவிடும். மகள் தன் டேப்லட்டில் காட்டுவாள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரேயொரு பெயரை மட்டும் நான் சொல்லவில்லை. அது ஊரில் எங்கள் சனம் இருந்த பகுதியின் பெயர், நான் பிறந்த குறிச்சியின் பெயர். ஊரில் மற்ற எல்லோரும் அதை எங்கள் சாதியின் பெயரால்தான் சொன்னார்கள். அங்கே இருந்த நாங்கள் ஒரு மரத்தை வைத்து வேறு பெயர் சொன்னோம். இரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு, ஊரில் எவடம் என்று யாராவது கேட்டால், "சந்தைக்குக் கிட்ட" என்பேன். வாத்தியாரின் மனைவிக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன். சந்தை எங்களுக்கு ஒரு மைல் தூரம்.

ஒருநாள் பின்னேரம் மகள் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் டேப்லட்டை என்முன் வைத்தாள். எங்கள் குறிச்சிக்கும் யாரோ பக்கம் தொடங்கியிருந்தார்கள். தலைப்பில் பெரிய எழுத்தில் அந்தச் சாதிப் பெயர். மகள் நாங்கள் சொல்லும் மரத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தாள். அது நேரே அந்தப் பக்கத்துக்கே போனது. தலைப்பின் கீழே, எங்கள் பெயரிலிருந்து வழிமாற்றப்பட்டது என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

"எங்கட பேரை அடிச்சா, அவை வைச்ச பேரில கொண்டுபோய் விடுது அம்மா. நான் மாத்தப் போறன்."

"வேண்டாம் பிள்ளை. ஆரும் கண்டா?"

"ஆர் காணப் போகினம்? உதை வாசிக்கிறதே நாலு கிழவங்கள்."

மாற்றிவிட்டாள். எங்கள் பெயர் தலைப்பில் வந்தது. ஆனால் பழைய பெயர் ஒழியவில்லை. பக்கத்தை நகர்த்தியதும் விக்கி தானாகவே அதை வழிமாற்றாக்கி வைத்துக்கொண்டது. இப்போது அதைத் தட்டினால் எங்கள் பக்கம் திறந்தது. கீழே பொடி எழுத்தில் அந்தச் சொல் நின்றது. அதை அழிக்க விக்கியை நடத்தும் வாத்தியாரால்தான் முடியும்.

விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் வரலாறு என்று ஒன்று இருக்கிறது. யார் எதை எப்போது மாற்றினார் என்பது அதில் கிடக்கும். எனக்கு அது தெரியாது. மகள் கோபத்தில் யோசிக்கவில்லை. அவள் தன் பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் கணக்குத் திறந்திருந்தாள்.

சனிக்கிழமை ரயிலில் வாத்தியாரின் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அக்கா, உங்கட மகள் அந்த ஆக்கள்ட பக்கத்தில கை வைச்சிருக்கிறா போல."

நான் மீன் பையை மடித்து மடியில் வைத்தேன்.

"இவர்தான் கண்டவர். உங்களுக்கு ஏன் அந்த ஆக்கள்ட கரைச்சல் எண்டு யோசிச்சன்."

அவொண்டேலில் ரயில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடியது. சந்தைக்குக் கிட்ட என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.

"நாங்கள் அந்த ஆக்கள்தான்," என்றேன்.

"அப்பிடியே?" என்றார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "இஞ்ச ஆர் அக்கா உதெல்லாம் பாக்கினம்," என்றார். மீன்கடையில், தனக்கு வேறு அலுவல் இருக்கிறது என்று என்னை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் வாத்தியார் தொலைபேசியில் வந்தார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தலைப்பு உங்கட பேரிலயே இருக்கட்டும். பழைய பேரையும் அழிக்கச் சொன்னா அழிக்கிறன். ஆனா ஒண்டு யோசியுங்கோ. காணி உறுதிப் பத்திரத்தில, பிறப்புப் பதிவில எல்லாம் அந்தப் பேர்தான் கிடக்குது. உங்கட ஆக்கள்ட பிள்ளையள் எங்கையாவது இருந்து தேடினா அதைத்தான் அடிப்பினம். அழிச்சா ஒண்டும் வராது."

"அழியுங்கோ," என்றாள் மகள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். என் தம்பியின் பிள்ளைகள் பிரான்சில் எங்கோ இருக்கிறார்கள். தம்பி செத்த பிறகு தொடர்பு இல்லை. அவர்களிடம் தகப்பனின் பிறப்புப் பத்திரம் இருந்தால், அதில் இருப்பது அந்தச் சொல்தான். மரத்தின் பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்னவோ.

"இருக்கட்டும்," என்றேன். "ஆனா அது மற்ற ஆக்கள் எங்களுக்கு வைச்ச பேர், அங்க இருந்த சனம் அதைச் சொல்லிறேல்லை எண்டு பக்கத்தில ஒரு வரி எழுதுங்கோ."

"எழுதலாம். சும்மா எழுதேலாது. ஆர் சொன்னது எண்டு கீழ போட வேணும். அதுதான் விக்கியின்ட முறை."

மகள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"என்ட பேரைப் போடுங்கோ," என்றேன். குரல் போதாமல் இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியிருந்தது.

போட்டிருக்கிறார். என் முழுப் பெயர், பிறந்த குறிச்சி, வாய்மொழித் தகவல் என்று.

வாத்தியாரின் மனைவி என்னோடு கதைக்காமல் விடவில்லை. கண்ட இடத்தில் முழங்கால் நோவை விசாரிப்பார். வருடா வருடம் அவருடைய மாமியாரின் திவசத்துக்கு விடியவே போய் மரக்கறி வெட்டிக் கொடுப்பவள் நான். அந்த வருடம் நாள் நெருங்கியபோது தொலைபேசியில் சொன்னார்: "இந்த முறை கடையில ஓடர் குடுத்திட்டம் அக்கா. உங்களுக்கும் வயது போகுது, ஏன் கஷ்டப்படுவான். சாப்பிட வாங்கோ."

அவர் சொன்னதில் குறை இல்லை. எனக்கு வயது போகிறதுதான். அவருடைய அடுப்படியும் சின்னது. போனேன். வாழையிலை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறினார். சோற்றைப் பிசைந்துகொண்டு, இது கடைச் சாப்பாடுதானா என்று ஒவ்வொரு கறியாக ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய்க் கறியில் மட்டும் அவருடைய கை தெரிந்தது போல இருந்தது. சரியாகச் சொல்ல முடியவில்லை.