கூட்டக்குறிப்பில் ஆறு பேர்

அன்றைக்கு ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில், அந்தக் கிரேக்கக்காரியின் குசினியில், கோபத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே தள்ளி வைத்தேன்.

அவளும் நானும் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் தன் கட்சியைப் பற்றித்தான் சொல்வாள். பெரிய சோசலிசக் கட்சியோடு கோபித்துக்கொண்டு வெளியேறிய ஒரு சின்னக் கட்சி. பிறகு அதுவும் இரண்டாக உடைந்தது. மிஞ்சியது ஏதோ கூட்டணிக்குள் கரைந்துபோனது. அதற்கு ஒஸ்லோவிலும் ஒரு கிளை இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு இவள் வீட்டில் கூட்டம். ஆறு ஆண்கள், இவள். துப்புரவு வேலைக்குப் போகும் பெண்களைத் தொழிற்சங்கத்தில் சேர்க்கவேண்டும் என்று முதலில் சொன்னவளும் இவள்தான். கூட்டக்குறிப்பு எழுதியவளும் இவள்தான். குறிப்பெழுதுகிறவர் தன்னைப் பற்றி எழுதக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம்.

கட்சி முடிந்தபிறகு ஏதென்சில் ஒருவர் அதன் வரலாற்றை எழுதினார். இவள் குறிப்புப் புத்தகங்கள் எல்லாவற்றையும் கட்டி அனுப்பினாள். அச்சாகி வந்த நூலில் ஒஸ்லோக் கிளைக்கு ஒரு பக்கம். ஆறு பேர், ஆறு பெயர்கள். பெண்களைச் சங்கத்தில் சேர்க்கும் யோசனை, அதை வழிமொழிந்த ஆளின் பெயரில் போயிருந்தது. ஏதென்சுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாளாம். குறிப்புகளில் அப்படியொருவர் இல்லை, வேறு ஆதாரம் இருந்தால் அனுப்பலாம் என்றாராம். அறுவான், அவன் வாசித்த ஒவ்வொரு எழுத்தும் இவள் கை எழுதியது!

பேனையை எடுத்து நீட்டி, இப்பவே இந்த நூலில் உன் பெயரை எழுது என்றேன். மாட்டாளாம். கட்சியின் புத்தகத்தைத் தனியாள் திருத்த முடியாதாம், கூட்டம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டுமாம். கட்சியே செத்துப்போச்சு, எந்தக் கூட்டம் என்று கத்தினேன். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவள்மேலும் ஆத்திரம் வந்தது.

புருசெத்தில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தும் ஆத்திரம் தணியவில்லை. எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக நான்தான் செயலாளர். குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அச்சு மாதிரி வடிவான என் கையெழுத்து. சனிக்கிழமை வகுப்போடு மதியச் சாப்பாடும் கொடுக்கலாம் என்றது நான். ‘தலைவர் தெரிவித்தார்’ என்று எழுதியிருந்ததும் நான். வந்திருந்தோர் பட்டியலில் ஒருநாள்கூட என் பெயர் இல்லை. விசரி, நான் போய் மற்றவளுக்குப் புத்தி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் வழக்கம்போலப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன்.

“இண்டைக்கு நீங்க எழுதுங்க. முதல் என்ர பேரை எழுதுங்க.”

பிறகு என் தீர்மானத்தைச் சொன்னேன்: கிரேக்கக் கட்சியின் ஒஸ்லோக் கிளையில் ஏழு பேர் இருந்தார்கள். சபை முழித்தது. எங்களுக்கும் கிரேக்கக் கட்சிக்கும் என்ன என்று தலைவர் கேட்டார்.

“கூட்டம்தான் முடிவெடுக்கோணுமாம். இதுவும் கூட்டம்தானே? கையை உயர்த்துங்க.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் உயர்த்தினார்கள்.

அந்தக் கூட்டக்குறிப்பின் பிரதியை ஸ்டோவ்னருக்குக் கொண்டுபோய் வரிவரியாக நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வந்திருந்தோரில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். முதலாவதாக இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். நூலை விரித்து, ஆறு பெயர்களுக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.