ஆரத்தி சிவக்காத வாசல்

மஞ்சள் பூசிக் காயவைத்த காகிதத்தின் மேல் சோப்பு நுரை ஒட்டிய விரலால் ஒரு கோடு இழுத்தால், இழுத்த தடம் கண் முன்னாலேயே செக்கச் செவேலென்று சிவக்கும். விரலை முகர்ந்தால் பாதி அடுப்படி, பாதி சலவைக்கல். இதை இப்போது 'வீட்டிலேயே செய்யலாம் எளிய அறிவியல்' என்று தலைப்புப் போட்டு, பின்னணியில் இசை சேர்த்து, கைகள் மட்டும் தெரியும்படி சின்ன வீடியோவாக அனுப்புகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருக்கும் என் மகளின் வாட்ஸப் குழுவுக்கும் வந்தது. நான் இதை எந்த வீடியோவும் பார்க்காமல், சட்டையில் குழம்பைச் சிந்தியே கண்டுபிடித்தேன் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. குழம்பைச் சிந்தியதை மட்டும் நம்பினாள். அது இன்றைக்கும் நடக்கிறது.

அப்போது எங்கள் வீடு திருப்பரங்குன்றத்தில், கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. அம்மா என் வெள்ளைச் சட்டையைக் கல்லில் போட்டு சோப்புத் தேய்க்க, அதிலிருந்த குழம்புக் கறை காயம்பட்டதுபோல் சிவந்ததைப் பார்த்ததுதான் ஆரம்பம். அந்த 'முழுப்பரீட்சை லீவு' முழுக்க, பழைய நோட்டில் கிழித்த தாள்களில் மஞ்சள்தூளைக் கரைத்துப் பூசி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டு, வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளையும் அதில் தொட்டு வைத்துப் பார்த்தேன். சோப்பு, சுண்ணாம்பு, ஆப்பசோடா எல்லாம் சிவந்தன. சிவந்த இடத்தில் புளித்தண்ணீரோ எலுமிச்சையோ மோரோ பட்டால் மறுபடி மஞ்சளாயிற்று. அப்பாவின் தலைக்கு வைக்கும் எண்ணெயைத் தொட்டு வைத்ததில் நிறம் எதுவும் மாறவில்லை, முதுகில் ஒன்று விழுந்தது. கொடியில் வரிசையாக ஆடிய தாள்களைப் பார்த்துவிட்டு அப்பா, "ஏண்டா, மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே மஞ்சக் கடுதாசி குடுத்துருவ போலயே" என்றார். அம்மா மஞ்சள் டப்பாவை என் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றினாள். விஞ்ஞானம் அத்தோடு நின்றிருக்கும். சித்தப்பாவின் கல்யாணம் குறுக்கே வந்தது.

பெண்ணுக்குச் சொந்த ஊர் சோழவந்தான். கோயிலில் தாலி கட்டி முடித்து, ஏறுவெயிலில், பொண்ணும் மாப்பிள்ளையும் நடந்தே வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். ஆரத்தி சுற்றாமல் உள்ளே வர முடியாது. சுற்ற வேண்டியவர் மாப்பிள்ளையின் அக்காவான என் அத்தை. மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளிச் சுண்ணாம்பைக் கலந்து அதைக் குங்குமச் சிவப்பாக்குவது எங்கள் வீட்டுப் பெண்கள் வேறு பேச்சுப் பேசிக்கொண்டே செய்கிற காரியம். அன்றைக்கு அது சிவக்கவில்லை. அத்தை சுண்ணாம்பைக் கலக்கினார், மறுபடி கலக்கினார். தாம்பாளத்தில் சாம்பார் நிறத்தில் ஒரு குளம் மட்டும் ஆடியது.

"இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்க மதினி" என்றாள் அம்மா.

"இருந்தாத்தான போட? டப்பாவ நக்கி வச்சிருக்காய்ங்க."

பெண் வீட்டார் ஊரிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்திருந்த வெற்றிலையை எங்கள் வீட்டு ஆண்கள் முந்தின நாளிலிருந்தே மென்று, சுண்ணாம்பையும் தீர்த்திருந்தார்கள். அதற்குள் கூட்டத்தின் பின்வரிசைக்குச் செய்தி போய்விட்டது. "ஆரத்தி செவக்கலையாம்ல" என்று ஒரு குரல். "இந்த வீட்டுல இப்பிடி நடந்ததே இல்ல. வர்ற ராசி எப்பிடியோ" என்று, சத்தமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், அத்தையே சொன்னார். புதுச் சித்தி மாலையின் கனத்தில் தலை குனிந்து, சுடுகிற சிமெண்டுத் தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். இனி அந்த வீட்டில் பால் திரிந்தாலும் சித்தப்பாவுக்குச் சளி பிடித்தாலும் பழி யார் தலையில் விழும் என்பது எனக்கே விளங்கியது.

"அத்த, தட்டுல புளி இருக்கு!" என்று கத்தினேன்.

இருந்தது. பித்தளைத் தாம்பாளம் பளபளக்க வேண்டும் என்று அத்தைதான் காலையில் புளி போட்டு விளக்கியிருந்தார்; குழாயில் தண்ணீர் வராத நாள் என்பதால் சரியாகக் கழுவாமல், போட்ட புளியின் மேலேயே மஞ்சளைக் கரைத்துவிட்டார்.

"கல்யாண வீட்டுல புளியாம், மொளகாயாம். இவன யாராச்சும் உள்ள தள்ளுங்கப்பா" என்றார் அத்தை.

அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். மஞ்சள் டப்பாவைப் பறித்த அதே அம்மா, உதடு அசையாமல், "ஓடிப்போய் சோப்புத்தூள் எடுத்தாடா" என்றாள்.

ஒரு சிட்டிகை போதும். நான் இரண்டு கையிலும் அள்ளி வந்தேன், வந்த வேகத்தில் அத்தனையும் தாம்பாளத்துக்குள் போயிற்று. தண்ணீர் சிவந்தது. அப்படி ஒரு சிவப்பை எங்கள் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தை அவசரமாகக் கலக்கினார்; கலக்கக் கலக்க நுரைத்தது. நடுவில் கற்பூரம் ஏற்றி வைத்த வெற்றிலை, நுரையில் தெப்பம் போல் மிதந்து மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பொண்ணு மாப்பிள்ளை நெற்றியில் பொட்டு வைத்ததும் பெண்ணின் தாய்மாமன் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன மாப்ள, ஆரத்தியில வண்ணாந்துறை வாசம் வருது?" என்றார் சித்தப்பாவிடம்.

"எங்க வீட்டு மஞ்ச அப்பிடித்தாண்ணே" என்றாள் அம்மா.

குனிந்திருந்த மாலை குலுங்கியது. சித்தி சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சிரித்தபடியேதான் வலது காலை எடுத்து வைத்தார். சித்தப்பாவின் நெற்றி மட்டும் சில நாள் தடித்திருந்தது. தான் சுற்றிய ஆரத்தி மாதிரி எவள் சுற்றியதும் சிவந்ததில்லை என்று அத்தை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெரிய விஞ்ஞானியாவேன் என்று அம்மா நம்பினாள். பிளஸ் டூ வேதியியல் மதிப்பெண் வந்ததும் அந்த நிறமும் வெளுத்தது.

போன மாதம் சித்தியின் மகன் புது மனைவியோடு ஒத்தக்கடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தான், சித்தியும் வந்திருந்தார். என் மனைவி கடையில் வாங்கிய ஆரத்திப் பொடியைத் தண்ணீரில் தட்டினாள். மஞ்சளாக இருந்த காலமே அதற்குக் கிடையாது, வெறும் சாயம், விழுந்ததும் சிவப்பு. வீடியோ பார்த்துத் தேறியிருந்த மகள், "இப்ப மஞ்சளாயிரும் பாருங்க சித்தி" என்று புதுப்பெண்ணிடம் சொல்லி, எலுமிச்சை மூடியைத் தாம்பாளத்தில் பிழிந்தாள். மாறவில்லை. இன்னொரு மூடியையும் பிழிந்தாள். சிவக்காமல் போகிற ஆரத்தியும் போய்விட்டது, சிவந்து திரும்புகிற ஆரத்தியும் போய்விட்டது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தலை நரைத்த என் சித்தி தாம்பாளத்தை முகர்ந்து பார்த்தார். "சோப்பு வாசமே இல்லையேடா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மகளிடம், "நீ போயி அடுப்படியில இருந்து மஞ்சளும், கல்லுகிட்ட இருந்து சோப்புத்தூளும் எடுத்துட்டு வா" என்றார்.

"சலவைக்கல்லா? வாஷிங் மெஷின் பக்கத்துல இருக்கு" என்று மகள் ஓடினாள்.

"அது வரைக்கும் பொண்ணு வாசல்லயே நிக்கணுமா அத்த?" என்று சித்தியிடம் கேட்டாள் என் மனைவி.

"அவ எதுக்கு நிக்கணும்?" என்றார் சித்தி. புதுப்பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். "நீ உள்ள வாத்தா. அது செவக்குறப்ப செவக்கட்டும்."