மூன்று வங்கிக்கும் ஒரே விக்கல்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ஸ்கொயர் அக்கா. மத்திய வங்கியின் ஆய்வுப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. சந்தையில் ஒவ்வொரு வங்கிக்கும் எத்தனை சதவீதம் பங்கு என்று பார்த்து, அந்த எண்ணை ஸ்கொயர் செய்து, அதாவது அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவாள். கூட்டுத்தொகை 1800ஐத் தாண்டினால் சந்தை சிலர் கைக்குள் போய்விட்டது, வங்கிகளை இணைக்க அனுமதி கிடையாது. வீட்டிலும் இதே கூத்துதான். மகள் கேக்கில் பாதியை எடுத்தால், "அம்பதை அம்பதால பெருக்குங்க, ரெண்டாயிரத்து ஐநூறு! இவ ஒருத்தியே எல்லையைத் தாண்டிட்டா!" என்று கணவரிடம் புகார் போகும். அவர் தலையில் அடித்துக்கொண்டு தன் துண்டையும் மகளுக்கே கொடுத்துவிடுவார்.

அன்று பதினோரு மணிக்கு நிர்வாகக் குழு கூடவிருந்தது. நாட்டின் மிகப் பெரிய வங்கி, ஒரு சின்ன வங்கியை வாங்க அனுமதி கேட்டிருந்தது. அவள் அட்டவணை 1150 என்றது. அனுமதி கிடைத்த மாதிரிதான்.

ஒன்பதரைக்கு அவள் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். முதல் மூன்று வங்கிகளின் படிவங்களிலும் தேதி விட்டுப்போயிருந்தது. முதல் வங்கிக்குப் போன் போட்டாள். எடுத்தவருக்கு ஓயாத விக்கல். இரண்டாவது வங்கிக்குப் போட்டாள். அதே விக்கல்! மூன்றாவதிலும்.

"மேடம், மறுபடியும் நீங்களா?"

"சார், நீங்க எந்த பேங்க்?"

"மூணுக்கும் நான்தான் மேடம். முதலாளி ஒருத்தர்தானே, எதுக்கு மூணு ஆளு?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பங்குதாரர் பட்டியல் உரிமப் பிரிவில் இருந்தது. ஆய்வுப் பிரிவின் அட்டவணையில் வங்கிக்கு ஒரு வரி என்பதுதான் பழக்கம், முதலாளி யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் புரட்டினாள். மூன்று கம்பெனிப் பெயர்கள், மூன்றுக்கும் பின்னால் ஒரே ஆள்.

மூன்றின் பங்கும் இருபது, பதினைந்து, பத்து சதவீதம். தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினால் 725. ஒன்றாகச் சேர்த்தால் நாற்பத்தைந்து, அதைப் பெருக்கினால் 2025! மற்ற வங்கிகளையும் கூட்டினால் மொத்தம் 2450. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டாள்.

பிரிவுத் தலைவர் கதவருகே மறித்தார். "பன்னெண்டு வருஷமா தப்புன்னு நீங்களே போய்ச் சொல்லப்போறீங்களா? உங்க புரமோஷன் அம்போதான்."

அவள் புதுக் கணக்குத் தாளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். கடிகாரம் பத்து ஐம்பத்தைந்து காட்டியது.

"போனாப் போகுது சார். வழி விடுங்க!"

லிப்ட்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடி ஏறினாள். குழுக் கூட்டத்தில் தாளை வாசித்த மத்திய வங்கி ஆளுநர் நிமிர்ந்தார்.

"இத்தனை வருஷமா இந்த அட்டவணையைப் போட்டது யாரு?"

"நான்தான் சார்." மூச்சு வாங்கியது. "இன்னிக்குப் போட்டதும் நான்தான்."

அனுமதி அங்கேயே மறுக்கப்பட்டது.

அந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் இல்லை. ஆனால் வங்கியின் அடுத்த அறிக்கையில், பழைய அட்டவணைகள் அத்தனையும் பிழை என்ற அறிவிப்புக்கும் திருத்திய எண்ணுக்கும் கீழே, முதல் முறையாக அவள் பெயர் அச்சில் வந்தது. கணவருக்கு முகம் சுண்டிப்போனது.

"போயும் போயும் தப்புக்கா உன் பேரைப் போட்டாங்க?"

"அதை விடுங்க, மேல இருக்கற நம்பரைப் பாருங்க!" அவள் விரல் தாளைக் குத்தியது. "ரெண்டாயிரத்து நானூத்தம்பது! கண்டுபிடிச்சது யாரு?"